பெயர் தெரியாத பதினான்கு ஆண்டுகள்

ஒரு கலைஞரின் பெயர் நம் காதில் விழும் நாளையே அவருடைய தொடக்க நாளாக எண்ணிக்கொள்வது நம் வழக்கம். ஏ. ஆர். ரஹ்மானின் பெயர் 1992ஆம் ஆண்டு 'ரோஜா' திரைப்படத்தோடு வெளியே தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 25. 'ஒரே இரவில் புகழ் பெற்றவர்' என்று அவரைப் பற்றி எழுதுவோர் இன்றும் உண்டு. ஆனால் அந்த வேளையில் அவர் சம்பளத்துக்கு இசைக்கருவி வாசிக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் எழுத விரும்புவது அந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றித்தான்.

இசை பற்றி நம் வீடுகளில் ஒரே கருத்து இல்லை என்பதை அறிவேன். எங்கள் வீட்டிலேயே வாப்பாவுக்கு ஒரு கருத்து, உம்மம்மாவுக்கு வேறொரு கருத்து. இக்கட்டுரை அந்த விவாதத்திற்குள் செல்லவில்லை. ஒரு தொழிலை மனிதர்கள் எவ்வாறு கற்றுக்கொள்கிறார்கள் என்பதே இங்கு நான் பார்க்கும் விடயம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கும் என் வகுப்புத் தோழிகளுக்கும் அது தூரத்து விடயமன்று.

1976ஆம் ஆண்டு தமிழ்த் திரையிசையில் முக்கியமானது. அந்த ஆண்டு 'அன்னக்கிளி' வெளிவந்து இளையராஜா இசையமைப்பாளரானார். அதே ஆண்டில் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் இருந்த ஆர். கே. சேகர் காலமானார். அவருடைய மகன் திலீப்குமாருக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சிறுவனே பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி ஏ. ஆர். ரஹ்மான் ஆனவர். ஆக, ஒருவருடைய நீண்ட காத்திருப்பு முடிந்த ஆண்டில் மற்றவருடைய காத்திருப்பு ஆரம்பமாகியது.

சேகர் விட்டுச் சென்ற சொத்து அவருடைய இசைக்கருவிகள்தாம். அவற்றை விற்றிருந்தால் சில மாதங்கள் வீட்டுச் செலவு நடந்திருக்கும். தாயார் கரீமா பேகம் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் குடும்பம் வாழ்ந்தது. மின்னிசைக் கருவிகள் அரிதாக இருந்த அக்காலத்தில் அவற்றை வீட்டிலேயே தொட்டுப் பழகும் வாய்ப்பும் பிள்ளைக்குக் கிடைத்தது. பதினொரு வயதில் தந்தையின் நண்பரான எம். கே. அர்ஜுனனின் குழுவில் கீபோர்ட் வாசிக்கச் சேர்ந்தார். பின்னர் எம். எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ராஜ்-கோட்டி முதலியோரிடம் வாசித்தார். வேலை கூடக்கூடப் பாடசாலை வரவு குறைந்தது. கடைசியில் படிப்பு நின்றது.

இங்கே 'வாசித்தார்' என்பதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்துத் திரைப்பாடல் ஒன்று பெரும்பாலும் ஒரு மண்டபத்தில் வாத்தியக்காரர்கள் அனைவரும் கூடியிருந்து பதிவானது. அன்று காலையில் கைக்கு வரும் இசைக்குறிப்பைப் பார்த்தவுடனே வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். இன்று கிராமியப் பாடல், நாளை சோகப் பாடல், மறுநாள் வேறொரு மொழிப் படம். விருப்பமான பாடலைத் தெரிவு செய்யும் உரிமை அங்கு இல்லை. பெயரும் வெளியே வராது. ஆனால் ஒரு பெரிய இசையமைப்பாளர் பாடலைக் கட்டியெழுப்பும் முறையை அவருக்குப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கலாம். கட்டணம் செலுத்தினாலும் கிடைக்காத வகுப்பு அது; அங்கே படிப்பவருக்கே சம்பளமும் கிடைத்தது.

இளையராஜாவும் இவ்வழியில் வந்தவர்தான். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, 1968இல் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் ஒரு சிறிய அறையில் மேலைத்தேய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தார். சலில் சௌத்ரியிடம் கிற்றார் வாசித்தார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகே அன்னக்கிளி. ரஹ்மானும் அதே தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர். இரு பெரும் இசையமைப்பாளர்களை உருவாக்கிய அந்த ஆசிரியரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த முறை நமது பிரதேசத்துக்கு மட்டும் உரியதன்று. 1950களில் அமெரிக்காவில் 'ஹார்ட் பாப்' என்ற ஜாஸ் இசைவகை வளர்ந்தது. அதன் பெரிய பள்ளிக்கூடம் ஓர் இசைக்குழு. ஆர்ட் பிளேக்கி என்ற மேளக் கலைஞர் நடத்திய 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' அது. பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து, இளமையில் உருக்காலையில் வேலை செய்த பிளேக்கி, இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்ற பெயரையும் ஏற்றவர். 1990இல் இறக்கும் வரை அவர் இளைஞர்களைக் குழுவில் சேர்ப்பதும், அவர்கள் தேறியபின் சொந்தக் குழு அமைக்க அனுப்புவதுமாகவே இருந்தார். லீ மோர்கன் இருபது வயதில் அங்கு வந்தார். விண்டன் மார்சாலிஸ் பதினெட்டில் வந்தார். அக்காலத்து இன்னொரு முஸ்லிம் கலைஞரான யூசுப் லத்தீப், டெட்ராயிட் நகரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் இசை படித்தார்.

இவற்றை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது புசல்லாவைக் கடைவீதியிலுள்ள என் மாமாவின் தையற்கடை. அங்கு வேலைக்கு வரும் பையன் முதலில் காஜா எடுப்பான், பொத்தான் தைப்பான், துணி மடிப்பான். கத்தரிக்கோல் அவன் கைக்கு வர இரண்டு மூன்று வருடங்களாகும். வெட்டத் தெரிந்துகொண்டவன் கம்பளைக்கோ கண்டிக்கோ போய்த் தனிக்கடை போடுவான். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்திலும் நியூயோர்க்கின் இசைக்குழுவிலும் நடந்தது இதுவேதான். அங்கு காஜா எடுத்த பையன் பெயர் உலகமெங்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் மாமாவின் கடையில் காஜா எடுக்க ஒரு பெண்பிள்ளை வந்ததில்லை. மேலே நான் எழுதிய கலைஞர்களின் பெயர்களும் ஆண்களுடையவை. அதனால் இன்னொரு பெயரைத் தேடினேன். மெல்பா லிஸ்டன். 1926இல் பிறந்தவர். டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிப்பவர். 1943இல், அதாவது என் வயதில், ஜெரால்ட் வில்சனின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார். ஒரு கட்டத்தில் இசையை விட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் கல்விச் சபையில் எழுதுவினைஞராகச் சில வருடங்கள் வேலை செய்தார். பின்னர் டிஸ்ஸி கில்லெஸ்பி அவரை 1956இல் தமது குழுவுக்கு அழைத்தார். ஒரு பெண் எதற்கு என்று முணுமுணுத்த ஆண்கள், அவர் எழுதிக் கொடுத்த இசைக்குறிப்பை வாசித்துப் பார்த்த பிறகே மௌனமானார்கள்.

மீண்டும் ரஹ்மானிடம் வருகிறேன். பிறருக்கு வாசித்த காலத்திலேயே அவர் விளம்பரங்களுக்கு இசையமைத்தார். முப்பது விநாடிக்குள் ஓர் உணர்வைச் சொல்லி முடிக்கும் பயிற்சி அது. 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்பும் ரோஜாவுக்கு முன்பே அவர் இசையில் வந்தது. வீட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கத் தாயாரின் நகைகள் உதவின. ரோஜாவின் இசைக்குத் தேசிய விருது கிடைத்தபோது, 'தேவர் மகன்' இசைக்காக இளையராஜாவும் போட்டியில் இருந்தார். வாக்குகள் சமமாகின. நடுவர் குழுத் தலைவராக இருந்த, நம் மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் வாக்கே ரஹ்மானுக்கு வெற்றியைத் தந்தது.

பாடசாலையை விட்டவரும் வென்றார்தானே என்று சிலர் சொல்லக்கூடும். வறுமை அவரைப் பாடசாலையிலிருந்து இழுத்தது. ஆனால் கற்பதை அவர் ஒரு நாளும் விடவில்லை. 2008இல் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. தோட்டத்திலிருந்தும் கடைவீதியிலிருந்தும் சாதாரண தரத்தோடு கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாதது திறமையன்று. பத்தடி தூரத்தில் நின்று பார்க்க ஒரு தன்ராஜ் மாஸ்டரோ, ஒரு பிளேக்கியோ அங்கு இல்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நம் வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போவது புதிய விடயமன்று. காக்கா வெளிநாடு போக அது போகும். தங்கச்சியின் கலியாணத்துக்குப் போகும். ஒரு மகள் தொழில் கற்கவோ, அதற்கான கருவி வாங்கவோ எத்தனை வீடுகளில் போயிருக்கிறது? பெறுபேறு வந்த அன்றே பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடாமல், பெயர் வெளியே தெரியாத சில ஆண்டுகளை எங்களுக்கும் தாருங்கள். தையலோ, கணினியோ, தாதியர் பயிற்சியோ, எழுத்தோ, எதுவாயினும் காஜாவிலிருந்து தொடங்க நாங்கள் ஆயத்தம்.