எம் புக் படித்த வக்கீல்

சென்ற பொங்கல் விழாவில் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்த அன்பர், “சார், விஜயநகரில் உங்கள் வீட்டை இன்ஜினியர் வீடு என்கிறார்கள். கோர்ட்டில் கறுப்பு கோட்டோடு பார்க்கிறேன். எது நிஜம்?” என்று கேட்டார். பாயசம் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. ‘கட்டட வழக்குகள் இங்கே’ என்று போர்டு மாட்டிக்கொள்ளவும் பார் கவுன்சில் விதி இடம் தராது. எனவே மலர் ஆசிரியர் கேட்டுக்கொண்டபடி இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். ஒரு கான்ட்ராக்டர் கம்பெனியில் 11 வருடம் சைட்டில் நின்றவன். ஜல்லி, கம்பி, சென்ட்ரிங் என்று பகலெல்லாம் வெயில். மாலையில் எம் புக். அளவுப் புத்தகத்தைத்தான் அப்படிச் சொல்வோம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறானால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். பில் பணம் வருவது அதை வைத்துத்தான்.

ஒருமுறை கம்பெனிக்கும் அரசுத் துறைக்கும் தகராறு வந்து ஆர்பிட்ரேஷனுக்குப் போனது. ஃபைல் கட்டுகளைச் சுமந்துகொண்டு பின் வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் வக்கீல் நல்ல பேச்சாளர். ஆனால் ரன்னிங் பில்லுக்கும் ஃபைனல் பில்லுக்கும் வித்தியாசம் கேட்டபோது திணறிவிட்டார். பதில் எம் புக்கின் ஒரு பக்கத்தில் இருந்தது. எழுந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்ய முடியாது என்பதால், வீட்டில் பெரிய ரகளைக்குப் பிறகு வேலையை விட்டு, சாரதா விலாஸ் சட்டக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். மாமனார் நெடுநாள் பேசவில்லை.

பழைய தீர்ப்புகளைப் படித்தபோது சிமெண்ட் வாசனை அடித்தது என்றால் நம்புவீர்களா? மேற்கு வங்க அரசுக்கும் பி.கே.மண்டல் அண்ட் சன்ஸுக்கும் நடந்த வழக்கைச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி அந்த நிறுவனம் ஷெட்டுகள் கட்டிக் கொடுத்தது. சட்டம் கேட்கும் முறையில் ஒப்பந்தம் எழுதவில்லை என்று பின்னர் அரசு கைவிரித்தது. ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 70ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதியது. 1962-இன் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. தெருவில் நிற்கும் மேஸ்திரிக்கும் அந்தப் பிரிவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

எங்கள் ஸ்டேஜிலேயே ஓர் அம்மாள் அதைத் தெரிந்துகொண்டார். “எழுது தம்பி, நாலு பேருக்கு உதவட்டும்” என்று அவரே அனுமதி தந்ததால் எழுதுகிறேன். 30க்கு 40 சைட்டில் வீடு. சதுரத்துக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு பத்திரம். போர்டிகோ முழுசா பாதியா, சம்ப்பும் காம்பவுண்டும் அதில் சேர்ந்ததா, ஒரு வரியும் இல்லை. மேஸ்திரியும் நம் தமிழர்தான். பாக்கி கேட்டு 2013-இல் வழக்குப் போட்டுவிட்டார். பாத்ரூம் ஒழுகுகிறது, ஒரு பைசா தரமாட்டேன் என்று அம்மாள்.

பழைய புத்தி போகுமா? முதல் ஞாயிற்றுக்கிழமையே டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். போர்டிகோவை அளக்கக் குனிந்தபோதுதான் உறைத்தது. நான் அளந்தால் நான் சாட்சி. சாட்சி சொல்ல வேண்டியவர் அந்த வழக்கை நடத்தக் கூடாது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, கமிஷனர் நியமிக்க மனுப் போட்டேன். நீதிமன்றம் அனுப்பும் இன்ஜினியர் வந்து அளப்பார். எனக்குத் தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரிந்ததாகாது என்பதை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.

அம்மாளிடம் இருந்த காகிதமெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். தினசரி காலண்டர் தாள்களைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்! முட்டை மூட்டையாக வந்த சிமெண்ட், மேஸ்திரிக்குக் கொடுத்த பணம், எல்லாம் தேதியோடு. ஒரு தாளின் பின்னால் அவர் கையெழுத்திலேயே, சம்ப்புக்குத் தனியாகத் தருவதாகச் சொன்னேன் என்று இருந்தது.

“அம்மா, சம்ப்புக்கு நீங்கள் தரத்தான் வேண்டும்” என்றேன்.

“நம்ம சங்கத்துப் பிள்ளைன்னு உன்கிட்ட வந்தேனே, நீயே இப்படிச் சொல்றியே?”

என்ன சொல்வது? அந்தத் தாளை மறைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் அவரைப் பொய் சொல்ல வைக்க நான் தயாரில்லை; வேறு வக்கீல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு வாரம் கழித்து ஃபைலோடு அவரே வந்தார். கமிஷனர் அறிக்கையில் ஒழுகலும் பதிவானது. சம்ப்புக்கான பணத்தில் பாத்ரூம் ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு லோக் அதாலத்தில் முடித்தோம். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. கோர்ட் ஃபீசும் திரும்பி வரும்.

பெரிய கான்ட்ராக்ட் தகராறுகளுக்கு 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. 2018 திருத்தத்தில் தொகை வரம்பு 1 கோடியிலிருந்து 3 லட்சமானது. ஃப்ளாட் வாங்குவோருக்கு 2016-இன் ரெரா சட்டம். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, எட்டு ஃப்ளாட்டுக்கு மேற்படாத திட்டங்களை அதில் பதிய வேண்டியதில்லை. நம் 30க்கு 40 சைட்டில் மேஸ்திரி கட்டும் வீட்டுக்கு அது குடை பிடிக்காது. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993 நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் நுகர்வோர் மன்றம் உண்டு. அதற்கு இரண்டு வருடக் கெடு. வேலை செய்தவர் கூலி பாக்கி கேட்க மூன்று வருடம்.

அம்மாள் போன மாதம் வந்திருந்தார். மகன் மாடி எடுக்கிறாராம். அதே மேஸ்திரிதான். அக்ரிமெண்ட் நான்கு பக்கம். போர்டிகோவுக்குத் தனி வரி. “இதுல சம்ப் எங்க இருக்கு பாரு தம்பி” என்று விரல் வைத்துக் காட்டினார்.