மாமன்றத்தில் இடம் கிடைத்தது, வாக்கு?

கோவை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். மாவட்டத்தில் அதற்கு அப்பால் 7 நகராட்சிகள், 33 பேரூராட்சிகள், 12 ஊராட்சி ஒன்றியங்கள், 228 கிராம ஊராட்சிகள். இவை ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுத்திறனாளியாவது நியமன உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதுதான் 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய இரண்டு சட்டத் திருத்தங்களின் நோக்கம். முதல்வர் மு.க.ஸ்டாலின் ஏப்ரல் 16-ல் அறிமுகம் செய்த இந்தத் திருத்தங்களில் ஒன்று நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு, மற்றொன்று ஊராட்சிகளுக்கு.

ஏன் தேவைப்பட்டது?

2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுவதும் 12,800-க்கும் அதிகமான வார்டுகள் களத்தில் இருந்தன. இந்த மன்றங்களில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர் மட்டுமே என்று அரசுத் தரப்பே சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். போட்டியிடத் தடை இல்லாவிட்டாலும், கட்சிகள் சீட் கொடுப்பதில்லை. பிரச்சாரத்துக்கு ஆகும் செலவும் அலைச்சலும் மற்றவர்களைவிட அதிகம்.

தேர்தலிலேயே இடஒதுக்கீடு தரலாமே?

உள்ளாட்சி இடங்களில் யாருக்கெல்லாம் ஒதுக்கீடு என்பதை அரசியல் சாசனத்தில் ஊராட்சிகளுக்கான 243D, நகராட்சிகளுக்கான 243T ஆகிய பிரிவுகள் வரையறுக்கின்றன. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், மாநிலம் விரும்பினால் பிற்படுத்தப்பட்டோர். மாற்றுத்திறனாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நியமன வழியை அரசு தேர்ந்தெடுத்தது. சத்தீஸ்கர் ஊராட்சிகளில் இதே வழி முன்பே வந்துவிட்டது. உகாண்டா நாடாளுமன்றத்திலோ மாற்றுத்திறனாளிகளுக்கென்றே 5 இடங்கள் உண்டு.

கோவையில் இப்போது என்ன நிலை?

நகர்ப்புற நியமனங்களுக்கு 2025 ஜூலையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. மாநில அளவில் இப்படி ஏறத்தாழ 650 இடங்கள். கிராமப்புறத்தின் கதை வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. மன்றமே இல்லாதபோது நியமன உறுப்பினர் எங்கே உட்காருவார்? ஆனைமலை, சுல்தான்பேட்டை ஒன்றியங்களின் மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டத்தின் பலன் ஊராட்சித் தேர்தலோடு கட்டுண்டு கிடக்கிறது.

அதிகாரம் எவ்வளவு?

இங்கேதான் இடிக்கிறது. நகர மன்றங்களுக்குச் சிறப்பு அறிவோ அனுபவமோ உள்ளவர்களை நியமிக்கலாம். ஆனால் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை என்பது அரசியல் சாசனத்தின் நிலைப்பாடு. தீர்மானத்தைக் கவிழ்க்கவோ காப்பாற்றவோ முடியாத உறுப்பினரை மேயரும் கட்சிகளும் எந்த அளவுக்குப் பொருட்படுத்துவார்கள்? நியமனத்துக்கு ஆளுங்கட்சியின் தயவு வேண்டியிருக்குமோ என்ற ஐயமும் இயல்பானதே.

ஆனாலும் கேள்வி கேட்கும் உரிமை சிறியதல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-வது பிரிவு, அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது என்கிறது. அனுமதி தரும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளாட்சியிடம்தான் இருக்கிறது. வணிக வளாகத்துக்குச் சாய்தளம் எங்கே, பொதுக் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, பார்வையற்றவர் நடக்கும் நடைபாதையில் மின்கம்பம் ஏன் என்று மாமன்றக் கூட்டத்தில் கேட்டால், கேள்வியும் பதிலும் பதிவேட்டில் ஏறும்.

2022-ல் பொறுப்பேற்ற நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அடுத்த வேட்பாளர் பட்டியலில் எத்தனை மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்சிகள் சீட் தருகின்றன என்பதுதான் சரியான அளவுகோல். நியமனத்தைக் காட்டி, 'உங்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே' என்று சீட்டை மறுத்தால், திறந்த கதவே தடையாகிவிடும்.