“தண்ணீர் விட்டால் விதைப்போம்”: ஆங்கிலத்தில் நிபந்தனை வினைகள்

கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது இரணைமடுக் குளம். மாரி ஓய்ந்தபின், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றதென்று கணக்கெடுத்து, அவ்வாண்டுச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாமென்று கூட்டங்கூடித் தீர்மானிப்பது அவ்விடத்து வழக்கம். அக்கூட்டத்திலே கமக்காரர் ஒருவர் எழுந்து, “தண்ணீர் விட்டால் விதைப்போம்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே சொற்கள். தண்ணீர் கிடைக்குமென்று நம்பிச் சொன்னாரா, கிடையாதென்று சலித்துச் சொன்னாரா என்பதை அவர் குரலும் முகமும் காட்டிவிடும்.

இனி, அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, விதைநெல்லுக்குக் கடன் கொடுக்க முன்வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பவேண்டியிருக்கின்றது. குரலும் முகமும் கடிதத்தோடு செல்லா. அங்கே வினைச்சொல்லே அவ்வேலையைச் செய்தாகவேண்டும்.

‘இஃப் தே றிலீஸ் த வாட்டர், வீ வில் சோ’ என்று எழுதினால், நீர் திறக்கப்படுவது நடக்கக்கூடிய காரியம், திறந்ததும் நாங்கள் விதைப்பது உறுதி என்பது பொருள். ‘இஃப் தே றிலீஸ்ட் த வாட்டர், வீ வுட் சோ’ என்று எழுதினாலோ, “திறந்தார்களானால் விதைக்கத்தான் செய்வோம், ஆனால் எங்கே திறக்கப்போகிறார்கள்!” என்ற பெருமூச்சு உள்ளே புகுந்துவிடுகின்றது. கடன் கொடுக்க எண்ணியவர் இந்த இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் பணப்பெட்டியை மூடிவிடுதல் கூடும். மாறியவை என்னவோ இரண்டே சொற்கள்: ‘றிலீஸ்’ என்பது ‘றிலீஸ்ட்’ ஆயிற்று, ‘வில்’ என்பது ‘வுட்’ ஆயிற்று.

இங்கே ‘றிலீஸ்ட்’ என்பது இறந்தகால வடிவம் ஆயினும், சென்ற காலத்தை அது குறிக்கவில்லை. பேசுவோன் அக்காரியத்தைத் தன் நம்பிக்கையிலிருந்து ஒரு படி தள்ளி வைக்கின்றான் என்பதற்கே அது அடையாளம். இதைக் கேட்டு நம் மாணவர் மலைப்பதற்குக் காரணமில்லை. ‘விட்டால்’, ‘பெய்தால்’, ‘வந்தால்’ என்னும் நம் சொற்களைச் சற்று உற்று நோக்குங்கள். ‘விட்டு’, ‘பெய்து’, ‘வந்து’ என்ற இறந்தகால அடிகளின்மேல் அன்றோ ‘ஆல்’ நிற்கின்றது? நாளைக்குப் பெய்யப்போகும் மழையையும் நாம் ‘பெய்தால்’ என்றே சொல்லுகிறோம். நன்னூலார் எதிர்காலத்துக்கென வகுத்த ‘செயின்’ என்னும் வாய்பாட்டில் ‘பெய்யின்’, ‘விடின்’ என்று எழுதலாம். ஆயினும் வயல் வரம்பில் நின்று அப்படிப் பேசுவார் எவருமிலர். இவ்வொற்றுமையை வகுப்பறையில் முதல் நாளே எடுத்துக்காட்டினால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் துணிபு.

மீதிப் பாதிச் சிக்கல் ‘வில்’ என்னும் சொல்லால் வருவது. மழை இனிமேல்தான் பெய்யவேண்டும் என்ற நினைவினால் ‘இஃப் இட் வில் றெயின்’ என்று எழுதுவார் பலர். ‘இஃப்’ நிற்கும் பகுதியில் சாதாரணமாக ‘வில்’ வருவதில்லை. ‘இஃப் இட் றெயின்ஸ்’ என்பதே அமையும். ‘வில்’ மறுபகுதிக்கு உரியது. ‘அன்லெஸ்’ என்னும் சொல்லையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ‘பெய்யாவிட்டால்’ என்பதிலுள்ள எதிர்மறையை அது தன்னுள்ளேயே அடக்கியிருப்பதால், அதனோடு இன்னொரு ‘நொட்’ சேர்த்தல் ஆகாது.

நம் ‘ஆல்’ ஆங்கிலத்தின் ‘இஃப்’, ‘வென்’ என்னும் இரண்டையும் ஒருங்கே தாங்குவது என்பதையும் மறக்கலாகாது. “மாரி வந்தால் குளம் நிரம்பும்” என்கிறோம். மாரி வருமோ வராதோ என்ற ஐயம் நமக்கு இல்லை; ஐப்பசியில் அது வந்தே தீரும். ஆங்கிலத்தில் இதனை ‘வென்’ என்று தொடங்கவேண்டும். ‘இஃப்’ என்று தொடங்கினால், பருவமழையே பொய்த்துவிடுமோ என்று கேட்பவர் திடுக்கிடுவார்.

இனி, முடிந்துபோன காரியங்களைப் பற்றிய வாக்கியம். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் புகுந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின, மக்கள் இடம்பெயர்ந்தனர். வெள்ளம் வடிந்தபின், “வான்கதவுகளை முன்னரே திறந்திருந்தால் இவ்வளவு அழிவு வந்திராது” என்ற பேச்சு எழுந்தது. தமிழின் ‘திறந்திருந்தால்’ என்பது ஆங்கிலத்தின் ‘இஃப் தே ஹாட் ஓப்பின்ட்’ என்பதற்கு நேரானது. திறக்கவில்லை என்பது அதனுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

ஆனால் வாக்கியத்தின் மறுபகுதியிலேதான் கவனம் மிக வேண்டும். ‘த வில்லேஜ் வுட் நொட் ஹாவ் ஃபிளடட்’ என்றால், ஊர் மூழ்கியிராது என்று அடித்துச் சொல்வதாகும். ‘மைட் நொட் ஹாவ்’ என்றால், ஒருவேளை மூழ்காமலும் இருந்திருக்கலாம் என்பது மட்டுமே. முன்னதைச் சொன்னவரிடம் விசாரிப்போர் மழையளவையும் நீர்மட்டத்தையும் கேட்பர். பின்னதைச் சொன்னவர் தம் கருத்தைச் சொன்னவர் ஆவர். ‘தே குட் ஹாவ் ஓப்பின்ட் த கேட்ஸ்’ என்பது மூன்றாவது வகை: திறக்க இயன்றும் திறக்கவில்லை என்னும் குற்றச்சாட்டு அதில் ஒளிந்திருக்கும். நட்டஈடு கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதுவோர், இம்மூன்றில் எது தம் வாய்ச்சொல் என்று தெரிந்து எழுதுதல் நலம்.

சென்ற காலத்து நிபந்தனைக்கு இன்றைய நிலை விடையாக வருவதும் உண்டு. ‘இஃப் வீ ஹாட் நொட் லெஃப்ட் அவர் லான்ட், அவர் கோக்கனட்ஸ் வுட் பி பெயறிங் நவ்.’ காணியை விட்டு நாம் போகாதிருந்தால், எங்கள் தென்னைகள் இன்று காய்த்துக்கொண்டிருக்கும் என்பது பொருள். 2009இல் முடிவுற்ற போரின்போது ஊரூராக இடம்பெயர்ந்த வன்னியில் இவ்வகை வாக்கியத்துக்கு உதாரணம் தேடிப் பாடப்புத்தகத்தைப் புரட்டவேண்டியதில்லை.

எழுத்தில் இவையெல்லாம் தெளிவாகத் தோன்றினும், ஆங்கிலேயர் பேசும்போது காதில் விழுவது வேறு. ‘ஐ ஹாட்’ என்பதும் ‘ஐட்’, ‘ஐ வுட்’ என்பதும் ‘ஐட்’. ‘இஃப் ஐட் நோன், ஐட் ஹாவ் கம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவர். “தெரிந்திருந்தால் வந்திருப்பேன்” என்பது அதன் பொருள். முதலாவது ‘ஐட்’ என்பதை அடுத்து ‘நோன்’ என்ற இறந்தகால எச்சம் நிற்பதால் அது ‘ஹாட்’. இரண்டாவதை அடுத்து ‘ஹாவ்’ என்ற வெறும் வினையடி நிற்பதால் அது ‘வுட்’. அடுத்த சொல்லைக் கொண்டே முன் சொல்லை அறிதல் வேண்டும். வானொலியில் ஆங்கிலச் செய்தியுரையாடல்களைக் கேட்போர் இதனைச் சில நாட்களில் பழகிக்கொள்ளலாம்.

கடைசியாக, முதலிற் சொன்ன கடிதத்துக்கே திரும்புவோம். ‘வுட்’ நம்பிக்கையின்மையைக் காட்டும் என்றேன். எப்போதும் அப்படியன்று. “ஐயா, ஒருக்கால் வந்து வாய்க்காலைப் பார்த்தால் நல்லது” என்று நாம் அதிகாரியிடம் சொல்லும்போது, அவர் வருவாரோ என்ற ஐயத்தால் ‘ஆல்’ போடுவதில்லை. மறுப்பதற்கும் அவருக்கு இடம் விட்டுப் பேசுவது மரியாதை என்பதனாலேயே போடுகிறோம். ஆங்கிலேயரும் அவ்வாறே செய்வர். ‘வீ வுட் பி கிறேட்ஃபுல் இஃப் யூ வுட் இன்ஸ்பெக்ட் த சனல்.’ ‘இஃப்’ நிற்கும் பகுதியில் ‘வுட்’ வரலாகாது என்ற விதி இங்கே தளர்ந்து கொடுக்கின்றது. ஏனெனில் இந்த ‘வுட்’ காலத்தையோ ஐயத்தையோ குறிப்பதன்று, கேட்கப்படுபவரின் மனவிருப்பத்தைக் குறிப்பது. ஆகவே, வாய்க்காலைப் பார்க்க வருமாறு வேண்டும் வரியில் ‘வுட்’ போடுங்கள். விதைப்போம் என்று வாக்குக் கொடுக்கும் வரியில் ‘வில்’ போடுங்கள்.