பால்வாடியும் ஒரு பள்ளிதான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளியில் படிக்கும்போது இதை விரித்துக் கட்டுரை எழுதாதவர் நம்மில் இரார். ஆயினும் அந்த ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்கு என்னென்ன கிடைக்க வேண்டும், அவற்றைத் தருவது யார் பொறுப்பு, நம் புதுவையில் அதற்கு என்ன ஏற்பாடு உள்ளது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. நம் தெருக்கோடியிலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது. அதைப் ‘பால்வாடி’ என்கிறோம். அது சோறு போடும் இடம் என்று எண்ணி, அதற்கு மேல் சிந்திக்காமல் கடந்து போகிறோம். அது ஒரு பள்ளி, அதுவும் முதற்பள்ளி என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் பொருள்

பால்வாடி என்றால் பால் கொடுக்கும் இடம் என்று நினைப்பவர் நம் ஊரில் பலர். உண்மை அதுவன்று. பாலகன், பாலகி என்று சொல்கிறோமே, அந்த வடசொல்லே இங்கு ‘பால்’ என்று நிற்கிறது. ‘வாடி’ என்றால் மராத்தி, குஜராத்தி மொழிகளில் தோட்டம். எனவே பால்வாடி என்பது குழந்தைத் தோட்டம். ஜெர்மனியில் 1837-இல் பிரீட்ரிக் ஃபிரோபெல் என்னும் அறிஞர் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். 1840-இல் அதற்கு அவர் சூட்டிய ‘கிண்டர்கார்டன்’ என்னும் பெயருக்கும் இதே பொருள்தான். கட்டணம் கட்டிச் சேர்க்கும் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகளின் பெயரில் வரும் ‘கே.ஜி.’யும் இதுவே. பணம் கொடுத்துப் போகும் இடத்துக்கும், பணமின்றிப் போகும் இடத்துக்கும் பெயர் ஒன்றே என்பது வியப்பாக இல்லையா?

வளர்ந்த வரலாறு

இத்தாலியில் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதற்கு முன்னரே குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பாலமந்திர் கண்டிருந்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்பவரோடு சேர்ந்து 1945-இல் மகாராட்டிரத்தின் போர்டி கிராமத்தில் சிற்றூர்க் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குப் போயிற்று. ‘அங்கன்’ என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த அந்தத் தோட்டமே ‘அங்கன்வாடி’.

இப்பெயரைத் தாங்கி, 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நம் நான்கு பகுதிகளிலும் சேர்த்து மத்திய அரசின் கணக்கில் 855 மையங்கள். இத்திட்டத்தின் பணிகள் ஆறு: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு ஊட்டச்சத்துக் கல்வி, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி. இந்த ஆறாவது பணியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

உயிரியல் சொல்வது என்ன?

விலங்கியல் மாணவி என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். குதிரைக்குட்டி பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து ஓடுகிறது. மனிதக் குழந்தை நடக்க ஓராண்டாகிறது. காரணம், நம் மூளையின் பெரும்பகுதி பிறந்த பின்னரே வளர்கிறது. பிறக்கும்போது குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் வரை இருக்கும். வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1,350 கிராம். ஆறு வயதுக்குள் அது முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. எடை மட்டுமன்று, நரம்புச் செல்களுக்கிடையே இணைப்புகள் இந்த ஆண்டுகளில்தான் மிகுதியாகத் தோன்றுகின்றன. பயன்படும் இணைப்பு நிலைக்கிறது, பயன்படாதது கழிகிறது. பேசுவோர் பேச்சும், காட்டுவோர் காட்டும் பொருளும் குழந்தைக்கு உணவைப் போலவே இன்றியமையாதவை.

கருவில் 270 நாட்கள், பிறந்தபின் இரண்டு ஆண்டுகளில் 730 நாட்கள். ஆக ஆயிரம் நாட்கள். இக்காலத்தில் இரும்புச்சத்தும் புரதமும் குறைந்தால் பின்னர் ஈடு செய்வது கடினம் என்கிறது மருத்துவம். அங்கன்வாடியில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும், 12 முதல் 15 கிராம் புரதமும் என்று விதித்திருப்பது இதனால்தான். எனவே உணவு வேறு, கல்வி வேறு அல்ல. இரண்டும் ஒரே மூளைக்குத்தான் போகின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் மூன்று, நான்கு வயதில் நல்ல முன்பருவக் கல்வி தந்தார்கள். நாற்பது வயது வரை இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்தார்கள். முன்பருவக் கல்வி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தோர் அதிகம். வேலையில் இருந்தோர் அதிகம். சிறை சென்றோர் குறைவு. ‘பெர்ரி ஆய்வு’ என்னும் பெயரால் இது இன்றும் பேசப்படுகிறது.

விளையாட்டே பாடம்

முன்பருவக் கல்வி என்றதும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணிப்பது என்று எண்ணிவிடக் கூடாது. களிமண் பிசையும் குழந்தையின் விரல் தசைகள் வலுப்பெறுகின்றன. பின்னாளில் பென்சில் பிடிக்கப் போவது அந்த விரல்களே. மணி கோக்கும்போது கண்ணும் கையும் ஒத்துழைக்கப் பழகுகின்றன. புளியங்கொட்டைகளைக் குழிக்கு ஒன்றாக இடும் குழந்தை, ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற எண்ணறிவைப் பெறுகிறது. இலைகளைப் பெரிது, சிறிது என்று பிரிப்பது வகைப்படுத்தல். இங்கே நம் ஆய்வகத்தில் நாம் செய்வதும் அதைத்தானே! கதை கேட்கும் குழந்தை, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிறது. பாட்டில் ஒரே ஒலியில் முடியும் சொற்களைக் கேட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு, எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய காது தயாராகிறது. வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பதும் கல்விதான்.

இவையெல்லாம் கிடைத்த குழந்தையும் கிடைக்காத குழந்தையும் முதல் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். ஆசிரியர் அரிச்சுவடியைத் தொடங்குகிறார். ஒரு குழந்தைக்கு அது தொடர்ச்சி. மற்றதற்கு அது திகைப்பு. ‘மக்கு’ என்ற பட்டம் பல பிள்ளைகளுக்கு அங்கேதான் சூட்டப்படுகிறது.

எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அக்காவின் மகளுக்குச் சென்ற ஆண்டு மூன்று வயது நிறைந்தபோது, அவளை எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வந்தது. “பால்வாடியில சோறு போட்டுத் தூங்க வெச்சு அனுப்புவாங்க. வேற என்னடி சொல்லித் தருவாங்க?” என்றார் அக்கா. தன் தோட்டை அடகு வைத்தாவது பேத்தியைத் தனியார் பள்ளியில் சேர்க்க அம்மா துணிந்தார். படித்தவள் என்று என்னிடம் கேட்டார்கள். முதலில் போய்ப் பார்ப்போம் என்றேன்.

அக்காவும் நானும் போனோம். டீச்சர் அரை மணி நேரம் காகமும் குருவியும் கதையாகப் பேசினார், குழந்தைகள் அசையவில்லை. அக்கா மகளும் என் மடியிலிருந்து இறங்கி முன்னே போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த அரை மணி எந்தக் கட்டணப் பள்ளிக்கும் குறைந்ததன்று. அதன்பின் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார், பதிவேடு திறந்தது. ஒரு கைக்குழந்தைக்கு எடை பார்க்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் விவரம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆயா அடுப்படியில் இருந்தார். பாடம் நின்றது. அக்காவின் சந்தேகத்தில் பாதி உண்மை இருப்பதை நானும் கண்டேன். ஆனால் அந்தப் பாதிக்குக் காரணம் டீச்சர் அல்லர்.

ஒருவர் தலையில் ஆறு பணிகள்

ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். கற்பிப்பது, எடை பார்ப்பது, வீடு வீடாகச் செல்வது, உணவுக் கணக்கு எழுதுவது, 2021 முதல் ‘போஷண் டிராக்கர்’ செயலியில் அன்றாடம் பதிவது எல்லாம் அவர் தலையில். ஆயினும் அவர் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம். 2018-இல் மத்திய அரசு அதைப் பணியாளருக்கு 4,500 ரூபாயாகவும் உதவியாளருக்கு 2,250 ரூபாயாகவும் உயர்த்தியது. மாநிலங்கள் இதற்கு மேல் தம் பங்கைச் சேர்க்கின்றன.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு கூறும் முன்பருவக் கல்விப் பணியை அங்கன்வாடிகள் செய்கின்றன என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது. பால்வாடி பள்ளிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிரெஞ்சு நாடும் அண்டை மாநிலமும்

நம் புதுவையை ஆண்ட பிரெஞ்சு நாட்டில் சிறு குழந்தைகளின் பள்ளிக்கு 1881 முதல் ‘எக்கோல் மத்தெர்னெல்’ என்று பெயர். ‘தாய்மைப் பள்ளி’ எனலாம். அது அரசுப் பள்ளி அமைப்பின் ஓர் அங்கம். 2019 முதல் அங்கே மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். நம் நாட்டிலோ 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் உரிமையைத் தொடங்குகிறது. மூளையின் பெரும்பகுதி வளர்ந்து முடிந்த பிறகு உரிமை வருகிறது! அதற்கு முந்தைய வயதுக்கு, 2002-இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, அரசு ‘முயல வேண்டும்’ என்ற அளவில் நிற்கிறது.

தமிழகம் உணவில் வழிகாட்டியது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்த்து, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு இணை உணவு தந்தார்கள். 1982 ஜூலை 1-இல் முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்விக்கும் அங்கே முயற்சி நடந்துள்ளது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-இல் அவை நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது எதிர்ப்பு எழுந்தது. தொடரும் என்று அரசு அறிவித்தது. ஏழைப் பெற்றோர் கேட்பது சோறு மட்டுமன்று என்பதற்கு இதுவே சாட்சி.

செய்ய வேண்டுவன

மையத்துக்குக் கற்பிப்பதற்கென்றே இன்னொரு டீச்சர் வேண்டும். முற்பகல் இரண்டு மணி நேரமாவது பதிவேடு திறக்காத நேரமாக இருக்க வேண்டும். பயிற்சியும் நிறைவான ஊதியமும் வேண்டும். இவை அரசு செய்ய வேண்டியவை.

நாமும் செய்யலாம். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சனிக்கிழமைகளில், அருகிலுள்ள மையங்களில் அனுமதி பெற்று, ஒரு மணி நேரம் கதை சொல்லலாம். தேங்காய்ச் சிரட்டை, சோழி, தீப்பெட்டி அட்டை இவற்றால் விளையாட்டுப் பொருள்கள் செய்து தரலாம். அறிவியல் மாணவர்கள் எடை வளர்ச்சி அட்டையைத் தாய்மார்க்குப் படித்து விளக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், வரும் கல்வியாண்டிலேயே ஒரு மையத்தில் இதைத் தொடங்கிவிடலாம்.

பட்டம் வாங்கும் நாளில் நாம் நன்றி சொல்லும் ஆசிரியர்களின் வரிசையில் பால்வாடி டீச்சருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை அவருக்குத் தரும்போதுதான், முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குவார்கள்.