கடுகண்ணாவை ஏற்றமும் விண்வெளியின் குளிரும்

நாற்பத்தைந்தடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தில், முன்னாளில் நீராவிப் புகையிரதத்தைப் பின்னிருந்து தள்ள மற்றோர் எஞ்சின் வேண்டியிருந்ததை நாம் அறிவோம். விண்ணேறும் செய்மதிக்கோ ஒவ்வோர் இறாத்தலும் பெருஞ்சுமை. ஆதலின் விஞ்ஞானிகள் மீக்கடத்திகளை நாடுகின்றனர். இவற்றால் வானொலிக் கருவிகளைச் சிறிதாக, இலேசாக அமைக்கலாம்.

1987-இல் கண்டறியப்பட்ட இற்றியம், பேரியம், செம்பு சேர்ந்த ஒட்சைட்டு, சுழிக்குக் கீழ் 180 பாகையளவில் மின்தடையை அறவே இழக்கின்றது. இதற்கு ‘உயர் வெப்பநிலை’ என்று பெயரிட்டது நமக்கு வேடிக்கையே! எனினும் முந்தியவற்றுக்குத் திரவ ஹீலியம் வேண்டும். இதற்கோ, பூமியை விட்டு வெகுதூரம் அகன்ற விண்ணில் வெயிலுக்குக் குடை பிடித்தாற் போதும். 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிழற்புறம் சுழிக்குக் கீழ் 230 பாகையளவு குளிர்ந்துள்ளது.

1999-இல் ஆர்கோஸ் என்னும் அமெரிக்கச் செய்மதி இத்தகைய கருவிகளைச் சுமந்து சென்றது. ஆயின் இப்பொருள் மட்பாண்டம்போல் நொறுங்குவது; கம்பியாக இழுக்க இயலாமையால், மெல்லிய உலோக நாடாவிற் பூசியே பயன்படுத்துகின்றனர்.