ஆட்டுக்கால் சூப்: பக்குவமும் பலனும்

ஆட்டுக்காலில் சதை அதிகம் கிடையாது. தோல், தசைநாண், மூட்டுக் குருத்தெலும்பு இவைதான் மிகுதி. இவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதம் நிதானமாக வேகும்போது ஜெலட்டினாக மாறி நீரில் கரைகிறது. சூப் குடித்ததும் உதட்டில் ஒட்டுகிறதே, அந்தப் பிசுபிசுப்பு இதனால்தான். அதனால் மசாலாவைவிட நேரமும் தீயின் அளவும் முக்கியம்.

நான்கு கால்களைக் கறிக்கடையிலேயே தீயில் வாட்டி, முடி நீக்கி, துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, கருகல் போகும்வரை கழுவுங்கள். பிறகு குக்கரில் கால்களைப் போட்டு, ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி மூடாமல் கொதிக்க விடுங்கள். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டால் சூப் கலங்காது, கவிச்சையும் குறையும்.

அடுத்து பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி ஆகியவற்றைத் தட்டிப் போடுங்கள். ஒரு தக்காளி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு கொத்து கறிவேப்பிலை சேர்த்து மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வையுங்கள். முற்றிய ஆடென்றால் இன்னும் கால் மணி நேரம் பிடிக்கும். திறந்த பாத்திரத்தில் நான்கு மணி நேரமாவது ஆகும்; தண்ணீர் வற்றினால் வெந்நீரே ஊற்ற வேண்டும்.

மிளகையும் சீரகத்தையும் முதலிலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி மல்லி விதையை வறுத்துக் கொரகொரப்பாக இடித்து, சூப் வெந்த பின் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் போதும். உப்பும் கடைசியில்தான்; முன்பே போட்டால் நீர் சுண்டும்போது கரித்துவிடும். இறக்கியதும் கொத்தமல்லித்தழை தூவுங்கள்.

மிச்சத்தை வடிகட்டி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் தளதளவென்று உறைந்திருக்கும். பக்குவம் சரி என்பதற்கு அதுவே அடையாளம். உறையாவிட்டால் தண்ணீர் அதிகம் அல்லது நேரம் போதவில்லை. மேலே படியும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, மூன்று நாளுக்குள் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்துவிடலாம்.

எலும்பு முறிந்தவருக்குக் கால் சூப் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் எலும்பிலிருந்து நீரில் இறங்கும் கால்சியம் சொற்பம். ஜெலட்டினும் முழுமையான புரதமல்ல. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. எனவே சூப்போடு பால், முட்டை, கேழ்வரகு, பருப்பு ஆகியவையும் வேண்டும். பசி மந்தமாக இருப்பவருக்கு இதமான, எளிதில் இறங்கும் ஆகாரம் என்ற அளவில் சூப் நல்லதே. யூரிக் அமிலம் கூடியவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளட்டும். மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.