மலைமிதிவண்டித் தடங்கள்

மலைச்சரிவுகளில், தார் போடாத மண்ணிலும் பாறையிலும் மிதிவண்டி ஓட்டுவதற்கென்று வெட்டப்பட்ட அல்லது தேர்ந்தெடுக்கப்பட்ட குறுகிய பாதை மலைமிதிவண்டித் தடம் எனப்படும். பெரும்பாலான தடங்களில் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல முடியும். இமயமலைப் பகுதியில் இத்தகைய தடங்களில் பல, கோவேறு கழுதைகளும் ஆட்டு மந்தைகளும் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டான பழைய பாதைகளே.

தமிழ்நாட்டில் மலை மிக அருகில் இருந்தும் தடம் இல்லாத ஊர்களுக்குச் சிவகிரி ஓர் எடுத்துக்காட்டு. முன்னர் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள இவ்வூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அந்தச் சரிவில் மிதிவண்டிக்கு அனுமதிக்கப்பட்ட தடம் எதுவும் இல்லை. இதே மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில், கேரளத்தின் பொன்முடியில், 2023ஆம் ஆண்டு ஆசிய அளவிலான மலைமிதிவண்டிப் போட்டியே நடைபெற்றது. இரு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு மிதிவண்டியைப் பொறுத்தது அன்று; நிலம் எவ்வகையானது என்பதைப் பொறுத்தது.

தோற்றம்

இவ்விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி என்னும் பகுதியில் 1970களில் உருவானது. அங்குள்ள இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சென்று, மண்பாதையில் வேகமாக இறங்கினர். 1976 அக்டோபரில் முறையான போட்டியாக இதை நடத்தத் தொடங்கினர். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக் கொண்ட சைக்கிள்கள் அவை. சுமார் 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர அச்சுக்குள் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே சட்டகம் செய்தார். 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தில் 2005 முதல் பல நாள் மலைமிதிவண்டிப் போட்டி நடந்துவருகிறது.

தடத்தின் அமைப்பு

தடத்தை அழிப்பது சக்கரம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் தண்ணீரே முதல் எதிரி. மழைநீர் தடத்தின் நீளவாக்கில் ஓடத் தொடங்கிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். மண் போய்க் கல் தெரியும். ஓட்டுநர்கள் கல்லைத் தவிர்க்க ஓரமாகச் செல்வார்கள். அங்கிருக்கும் புல்லும் செடியும் அழியும். பாதை அகன்றுகொண்டே போகும். எனவே நீரைப் பாதையில் தங்கவிடாமல் குறுக்காகக் கடத்தி அனுப்புவதுதான் தடம் வெட்டுபவரின் முழு வேலையும் என்று சொல்லலாம்.

இதற்குச் சில கணக்குகள் உண்டு. முதலாவது பாதி விதி. தடத்தின் ஏற்றம், அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. கிடைமட்டமாக 100 மீட்டருக்கு 40 மீட்டர் உயரும் சரிவின் சாய்வு 40 விழுக்காடு. அங்கே தடத்தின் ஏற்றம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் நீர் குறுக்கே போகாமல் தடத்தின் வழியே இறங்கும். இரண்டாவது, மொத்தத் தடத்தின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. இதன்படி 200 மீட்டர் உயரம் ஏற 2 கிலோமீட்டர் பாதை வேண்டும். சிவகிரிக்கு மேற்கே உள்ளதுபோல் அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரும் மலையில் உச்சிவரை செல்ல 10 கிலோமீட்டருக்குக் குறையாத பாதையைக் காட்டுக்குள் வெட்ட வேண்டியிருக்கும். மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, தடம் என்பது சிறு வேலை அன்று என்பது விளங்கும்.

தடத்தின் மேற்பரப்பும் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சுமார் 5 விழுக்காடு சாய்ந்திருக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில் வெளி ஓரம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். இவை தவிர, இறங்கிக்கொண்டே செல்லும் பாதை ஆங்காங்கே சில அடிகள் மேலேறி மீண்டும் இறங்குமாறு அமைக்கப்படும். அந்தத் தாழ்வான இடங்களில் நீர் வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கு அலைபோன்ற சுகம் தருவதும் அதுதான்.

பல நாடுகளில் தடங்களின் கடினம் நிறக் குறிகளால் காட்டப்படுகிறது. பச்சை வட்டம் எளியது. நீலச் சதுரம் நடுத்தரம். கருப்பு வைரம் கடினமானது.

சிவகிரி மலையின் நிலை

சிவகிரியை ஒட்டிய காடு, 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. இதன் பரப்பு சுமார் 356 சதுர கிலோமீட்டர். வடக்கே திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021 முதல் உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவின்படி, பொதுச்சாலை வழியே கடந்து செல்பவர் போன்ற சிலரைத் தவிர வேறெவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுடன் திறந்தது. அவை வழிகாட்டியுடன் நடந்து செல்வோருக்கானவை.

நடப்பவருக்குத் திறக்கும் காட்டை மிதிவண்டிக்கு ஏன் திறக்கக் கூடாது என்ற கேள்வி நியாயமானதே. விடை வேகத்தில் இருக்கிறது. மிதிவண்டி ஓசையின்றி வரும். வளைவில் எதிரே நிற்கும் விலங்குக்கும் ஓட்டுபவருக்கும் விலகிக்கொள்ள நேரம் இருக்காது. 2016 ஜூனில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே, வேகமாக வந்த ஓட்டுநர் ஒருவர் திருப்பத்தில் கரடியின்மீதே மோதி, அதனால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி அடிவாரத் தோப்புகளில் காட்டு யானைகள் இறங்கித் தென்னையையும் வாழையையும் முறிப்பது இப்பகுதி விவசாயிகளுக்குப் பழகிப்போன துயரம். யானை வழித்தடத்தில் மிதிவண்டித் தடம் அமைந்தால், மிரண்ட யானைக்கு விலை கொடுப்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர், தோப்புக்காரரும்தான். அமெரிக்காவிலும் 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளில் மிதிவண்டிக்கு இடமில்லை.

பொன்முடி

திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை செல்கிறது. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை 28ஆவது ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி அங்கு நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதில் இருந்தது. இதற்கான தடம் மெர்ச்சிஸ்டன் தோட்டப் பகுதியில் அமைக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகவே மனிதர் புழங்கும் தேயிலைத் தோட்டங்களில் பாதைகள் ஏற்கெனவே இருக்கும். பார்வையை மறைக்கும் அடர்புதர் குறைவு. புதிதாக மரம் வெட்டும் தேவையும் பெரிதாக இல்லை. வயநாட்டில் மானந்தவாடி அருகே பிரியதர்சினி தேயிலைத் தோட்டத்தில் இதற்கு முன்னரே மலைமிதிவண்டிப் போட்டிகள் நடந்ததற்கும் இதுவே காரணம் எனலாம். சிவகிரிப் பக்கத்து மலைச்சரிவு அப்படிப்பட்டதன்று.

அடிவாரத்தில் ஓட்டுதல்

சிவகிரிப் பகுதி இளைஞர்களுக்கு எஞ்சியிருப்பவை கண்மாய்க் கரைகளும் தோப்புகளுக்கு இடையிலான வண்டிப்பாதைகளும். பயிற்சிக்கு இவை போதுமானவையே. ஏற்றம் குறைவு என்றாலும் மணல், சரளை, கல், ஓடைத் தாண்டல் அனைத்தும் உண்டு. தோப்புப் பாதைகள் தனியார் நிலமாயின் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். மாலை மங்கிய பின்னும் விடியலுக்கு முன்னும் யானை நடமாட்டம் இருக்கும் என்பதால் மலையோரப் பாதைகளை அந்நேரங்களில் தவிர்ப்பது கட்டாயம்.

பள்ளியில் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டி சமதளத்துக்கு நல்ல வண்டி. ஆனால் கியர் இல்லாததால் ஏற்றத்தில் திணறும்; பிரேக் கட்டை நனைந்தால் சக்கர விளிம்பை இறுகப் பிடிக்காது. மலைமிதிவண்டியில் வட்டத்தகட்டு பிரேக் இருப்பது இதனால்தான். எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடிப் பக்கம் போனால் எலுமிச்சை முள்ளும், எங்கும் சீமைக் கருவேல முள்ளும் டயரைப் பதம் பார்க்கும். பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கைப்பம்பும் இல்லாமல் புறப்படுவது வீண்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை, மாசி மாதங்களில் தரை இறுகிக் கிடக்கும். அதுவே ஏற்ற காலம். மழை நாளில் சங்கரன்கோவில் பக்கமாகக் கிழக்கே சென்றால் கரிசல் மண் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அப்பிக்கொள்ளும். வண்டியைத் தோளில் சுமந்துதான் திரும்ப வேண்டியிருக்கும்.